மூன்றாவது அறை

அக்கா மகன் சுடுதளத்திலிருந்து திரும்பி வந்தபோது வலது கன்னத்தில் கடுகளவு இரண்டு சிவப்புப் புள்ளிகள். பக்கத்துத் தடத்தில் நின்றவருக்கும் முழங்கையில் சுரீரென்று ஏதோ பட்டிருக்கிறது. இரண்டு பேரும் பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் கண்ணாடியில் ஈயத் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்ததைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

"துப்பாக்கி புதுசு மாமா. வாங்கி ஒம்பது நாள்தான் ஆச்சு" என்றான்.

டெக்சாஸில் அவன் வீட்டுக்கு நான் வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கோவையில் ஒரு பம்ப் தொழிற்சாலையின் ஆய்வுப் பிரிவில் 31 வருடம் வேலை பார்த்தவன் நான். துப்பாக்கி சுட்டதில்லை, சுடும் ஆசையும் இல்லை. ஆனால் அவன் வாங்கியிருந்த சுழல்துப்பாக்கியும் ஓர் இயந்திரம். புது இயந்திரம் கோளாறு செய்தால் என்ன செய்ய வேண்டும் என்பது என் தொழில். டீ போடச் சொன்னேன். டீ வருவதற்குள் தோட்டாக்களை எல்லாம் படுக்கையறை அலமாரியில் வைத்துப் பூட்டச் சொன்னேன். பிறகு சிலிண்டரைத் திறந்து, ஆறு அறைகளையும் அவன் ஒரு முறை, நான் ஒரு முறை, கண்ணாலும் சுண்டு விரலாலும் பார்த்தோம். அதற்குப் பிறகுதான் அந்தத் துப்பாக்கி சாப்பாட்டு மேசைக்கு வந்தது.

சாதாரணக் கைத்துப்பாக்கியில் தோட்டா வெடிக்கும் அறை குழலின் பின்முனையிலேயே, அதன் பகுதியாகவே இருக்கும். சுழல்துப்பாக்கியில் அறைகள் சிலிண்டரில் இருக்கின்றன, குழல் தனியாக இருக்கிறது. சுத்தியைப் பின்னால் இழுக்கும்போது உள்ளே ஒரு சின்ன நெம்பு மேலே ஏறி, சிலிண்டரின் பின்பக்கத்துப் பற்களில் ஒன்றைத் தள்ளும். இங்கே அதை ஹேண்ட் என்கிறார்கள். சிலிண்டர் ஆறில் ஒரு பங்கு சுற்றும். அடுத்த அறை குழலுக்கு நேராக வரும் கணத்தில், கீழிருந்து ஒரு பூட்டு நாக்கு எழுந்து சிலிண்டரின் வெளிப்பக்கக் குழியில் உட்கார வேண்டும். அது உட்கார்ந்த பிறகே சுத்தி விழ வேண்டும். இந்த வரிசைக்கு டைமிங் என்று பெயர். 1836-ல் சாமுவேல் கோல்ட் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய நாளிலிருந்து சுழல்துப்பாக்கியின் உயிர் இந்த ஒரு காரியத்தில்தான் இருக்கிறது.

வரிசை தவறினால் அறை ஒரு முடியளவு தள்ளி நிற்கும். அந்த நிலையில் சுத்தி விழுந்தால் குண்டு அறையிலிருந்து கிளம்பி, குழலின் வாயில் நேராக நுழையாமல் விளிம்பில் உரசிக்கொண்டு போகும். உரசிய ஈயமும் செம்பும் சீவலாகப் பிய்ந்து பக்கவாட்டில் தெறிக்கும். மாப்பிள்ளையின் துப்பாக்கி .357 மேக்னம். அமெரிக்கத் துப்பாக்கித் தொழிலின் தர அமைப்பு அந்தத் தோட்டாவுக்கு வகுத்திருக்கும் அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. கார் டயரில் இருப்பதைப்போல ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. இதில் ஒரு முடியளவு என்பது சின்ன விஷயமில்லை.

அதற்காக எடுத்த எடுப்பில் தொழிற்சாலை மேல் பழி போட்டுவிடக் கூடாது. ஆய்வுப் பிரிவில் நாங்கள் முதலில் கேட்கும் கேள்வி, குறை பொருளிலா, பயன்படுத்திய விதத்திலா என்பதுதான். காலிக் கூடுகளை வெளியே தள்ளும் நட்சத்திர வடிவத் தகட்டின் அடியில் எரியாத வெடிமருந்துத் துகள் ஒன்று சிக்கினால் போதும், சிலிண்டர் இறுகி அடம்பிடிக்கும். பல் தேய்க்கும் பழைய பிரஷ்ஷால் அந்த இடத்தைத் துடைத்துவிட்டுப் பார்த்தோம். அந்தத் தகட்டைத் தள்ளும் கம்பி திருகு கழன்றிருக்கிறதா என்றும் பார்த்தோம். இரண்டும் காரணமில்லை. தோட்டாவும் பெட்டியோடு வாங்கிய கம்பெனிச் சரக்கு, வீட்டில் நிரப்பியதில்லை.

நல்லவேளையாக அவன் காலிக் கூடுகளைப் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தான். மொத்தம் 50. மேசையில் செய்தித்தாள் விரித்து ஒவ்வொன்றாக அடிப்பக்கத்தைப் பார்த்தேன். சுத்தி அடித்த குழி நடுவில் இருக்க வேண்டும். 42-ல் நடுவில் இருந்தது. 8-ல் ஒரே பக்கமாக ஒதுங்கியிருந்தது. ஆறு அறைகளில் வரிசையாக 50 சுட்டால் ஓர் அறைக்கு எட்டோ ஒன்பதோ வரும். ஆறு அறையும் கெட்டிருந்தால் 50 கூடுகளிலும் ஒதுங்கியிருக்கும். இங்கே ஒரே ஓர் அறைதான் தப்பு செய்கிறது. இதை அவனிடம் சொன்னபோது டீயைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

அந்த அறை எது? ஃபெல்ட் பேனாவால் சிலிண்டரில் ஒன்று முதல் ஆறு வரை எண் போட்டோம். துப்பாக்கி காலி என்பதை மறுபடியும் பார்த்துக்கொண்டு, குழலை ஆளில்லாத செங்கல் சுவர்ப் பக்கம் திருப்பி, சுத்தியைக் கட்டை விரலால் மிக மெதுவாக இழுக்கச் சொன்னேன். இன்னொரு கை விரல் சிலிண்டரை மெல்லத் தொட்டு லேசாகத் தடுத்துக்கொண்டிருக்க வேண்டும். வேகமாக இழுத்தால் சிலிண்டர் தன் வேகத்திலேயே ஓடிப் போய் இடத்தில் உட்கார்ந்துவிடும், குறை மறைந்துவிடும். ஒன்றாவது அறை: "டிக்" என்று பூட்டு நாக்கு உட்கார்ந்தது, பிறகு சுத்தி நின்றது. இரண்டாவது அறையும் அப்படியே. மூன்றாவதில் சுத்தி முழுதாகப் பின்னால் வந்து நின்றுவிட்டது, அந்த "டிக்" வரவில்லை. சிலிண்டரை விரலால் தள்ளினால்தான் சத்தம் கேட்டது. நான்கு, ஐந்து, ஆறு மூன்றும் சரி. இன்னும் மூன்று சுற்று செய்தோம். ஒவ்வொரு முறையும் மூன்றாவது அறைதான்.

கார் உதிரிபாகக் கடையில் ஃபீலர் கேஜ் வாங்கி வந்து சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவில் உள்ள சந்து எவ்வளவு என்றும் அளந்தோம். அங்குலத்தில் ஆயிரத்தில் நான்கிலிருந்து எட்டுப் பங்குக்குள் இருந்தால் சரி என்பது இந்தத் தொழிலில் பொதுவான கணக்கு. அதாவது 0.10-லிருந்து 0.20 மில்லிமீட்டர். இதில் 0.15 இருந்தது. அங்கே குறையில்லை. அந்தச் சந்தில் சூடான வாயு கொஞ்சம் கசிவது எல்லாச் சுழல்துப்பாக்கிக்கும் இயல்பு. அதனால்தான் விரலை அதன் பக்கத்தில் வைக்கவே கூடாது என்கிறார்கள். உலோகச் சீவல் தெறிப்பது இயல்பில்லை.

"பல்லுல கொஞ்சம் பிசிறு இருக்கும் மாமா. ஊசி அரம் இருக்கு, தேச்சுப் பாக்கட்டுமா?" என்றான். கணினியில் யாரோ பிரித்துக் காட்டும் படமும் பார்த்து வைத்திருந்தான்.

கை வைக்காதே என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். அந்தப் பல்லும் ஹேண்டும் ஒன்றுக்கொன்று பொருத்திச் சீவப்பட்டவை. சீவிய உலோகம் திரும்ப வராது. பல்லைச் சரிசெய்யப் போய் அந்த அறையின் டைமிங் இன்னும் கெடலாம். அதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. குறை இருந்த நிலை அப்படியே இருந்தால்தான் அது தயாரிப்புக் குறை என்று காட்ட முடியும். அரம் பட்ட பிறகு அது உன் குறை. பம்ப் தொழிற்சாலையில் வாடிக்கையாளர் பிரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிய பம்புகளில் எது எங்கள் தவறு, எது அவர்கள் தவறு என்று கண்டுபிடிக்க முடியாமல் எத்தனையோ முறை தவித்திருக்கிறேன்.

அன்று இரவு அவன் சொன்ன ஒரு செய்தி என்னைத் தூங்கவிடவில்லை. பொம்மை, மிக்சி, குழந்தைக் கட்டில் போன்றவற்றில் ஆபத்தான குறை இருந்தால் திரும்பப் பெறச் செய்ய அமெரிக்காவில் 1972 சட்டத்தின் கீழ் ஓர் ஆணையம் இருக்கிறது. துப்பாக்கி அதன் எல்லைக்கு வெளியே. 1976-ல் நாடாளுமன்றம் துப்பாக்கியையும் தோட்டாவையும் அந்த ஆணையம் தொடவே கூடாது என்று தெளிவாக எழுதிவிட்டது. பிரிட்டனில் 1868 சட்டப்படி, விற்பனைக்கு வரும் ஒவ்வொரு துப்பாக்கியும் லண்டனிலோ பர்மிங்காமிலோ உள்ள, அல்லது அங்கீகாரம் பெற்ற வெளிநாட்டுச் சோதனைச் சாலையில் கூடுதல் அழுத்தத் தோட்டாவால் சுட்டுப் பார்க்கப்பட்டு முத்திரை வாங்க வேண்டும். லண்டன் சோதனைச் சாலையை நடத்தும் துப்பாக்கித் தயாரிப்பாளர் சங்கத்துக்கு 1637-லேயே அரச சாசனம் கிடைத்திருக்கிறது. அமெரிக்காவில் அப்படிக் கட்டாயமில்லை. கம்பெனிகள் தாங்களாகவே சோதிக்கின்றன, தாங்களாகவே திரும்பப் பெறுகின்றன. நன்றாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். 1953-லிருந்து 1972 வரை விற்ற பழைய பாணிச் சுழல்துப்பாக்கிகளில், சுத்திக்கு நேரே தோட்டா இருக்கையில் துப்பாக்கி கீழே விழுந்தால் வெடிக்கக்கூடும் என்பதால், ரூகர் கம்பெனி 1982 முதல் பாதுகாப்புப் பாகத்தை இலவசமாகப் பொருத்திக் கொடுக்கிறது. ஆனால் எல்லாம் கம்பெனியின் மனசைப் பொறுத்தது. கடைசி ஆய்வாளன் வாங்கினவன்தான் என்று ஆகிவிடுகிறது. இது சரியில்லை என்று நினைக்கிறேன். உயிர் போகக்கூடிய பொருளுக்குத்தான் முதல் முத்திரை வேண்டும்.

கடைக்காரர் திரும்ப எடுக்கவில்லை. வாங்குபவர் கூட்டரசுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு வெளியே கொண்டுபோன பிறகு அது பழைய துப்பாக்கிக் கணக்கு என்பது இங்குள்ள வழக்கம். அதில் அவரைக் குறை சொல்ல எதுவுமில்லை. 1968 சட்டப்படி, சொந்தக்காரரே பழுது பார்க்கத் தயாரித்த கம்பெனிக்கு நேராக அனுப்பலாம், கம்பெனியும் அவர் வீட்டுக்கே திருப்பி அனுப்பலாம். தபாலில் கைத்துப்பாக்கி அனுப்பச் சாதாரண மக்களுக்கு 1927-லேயே தடை வந்ததால், தனியார் கூரியருக்கான லேபிளைக் கட்டணம் செலுத்திக் கம்பெனியே அனுப்பிவைத்தது. பெட்டியில் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது என்பது முதல் நிபந்தனை.

உடன் வைக்கும் கடிதத்தை நாங்கள் இரண்டு முறை எழுதினோம். முதல் முறை அவன் எழுதியதில் கோபம் முழுப் பக்கம் இருந்தது, தகவல் இரண்டு வரி. இரண்டாவதில் வரிசை எண், வாங்கிய தேதி, சுட்ட எண்ணிக்கை 50, தோட்டாவின் பெயரும் குண்டின் எடையும், மூன்றாவது அறை மெதுவாக இழுத்தால் பூட்டுவதில்லை, 8 கூடுகளில் குழி ஒதுங்கியிருக்கிறது, சந்து 0.15, எதையும் பிரிக்கவில்லை. பேனா எண்களை அழிக்காமல் விட்டோம். ஒதுங்கிய கூடுகளில் நான்கைச் சின்ன உறையில் போட்டு வைத்தோம், நான்கை வீட்டில் வைத்துக்கொண்டோம். எல்லாவற்றையும் படமும் எடுத்தான். பழுது பார்க்கும் மேசையில் ஒரு நாளைக்கு எத்தனையோ பெட்டிகளைத் திறப்பவனுக்கு, எங்கே பார்ப்பது என்று சொல்லிவிட்டால் அவன் நேராக அங்கே போவான். அந்த மேசைக்குப் பின்னால் நான் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் தெரியும்.

நான்கு வாரம் கழித்து வந்தது. உள்ளே ஒரு தாள்: ஹேண்ட் மாற்றப்பட்டது, டைமிங் சரிசெய்யப்பட்டது, சுட்டுப் பார்க்கப்பட்டது. அதை ஒரு பக்கம் வைத்துவிட்டு, அறைகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அவனே சுத்தியை மெதுவாக இழுத்தான். அழியாமல் திரும்பி வந்திருந்த எண்களில் மூன்று மேலே வந்தபோது "டிக்" கேட்டது. இன்னும் மூன்று சுற்று இழுக்கச் சொன்னேன். கேட்டது. அடுத்த சனிக்கிழமை சுடுதளத்துக்கு நானும் போனேன். பக்கத்துத் தடம் காலியாகும்வரை காத்திருந்து, ஒரே ஒரு தோட்டாவை எடுத்து அந்த மூன்றாவது அறையில் போட்டான்.