பதநீர்

பதநீர் என்பது பனைமரத்தின் பாளையைச் சீவிப் பெறப்படும் இனிப்பான சாறு ஆகும். அருப்புக்கோட்டை, திருச்சுழி போன்ற வறண்ட பகுதிகளில் இது கோடைக்காலப் பானமாக அருந்தப்படுகிறது.

கள்ளும் பதநீரும் அடிப்படையில் ஒரே சாறுதான். பாளையில் கட்டும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பதநீர் கிடைக்கும். தடவாவிட்டால் இயற்கையில் உள்ள ஈஸ்ட்டு, சர்க்கரையை ஆல்ககோலாக மாற்றிச் சில மணி நேரத்தில் கள்ளாக்கிவிடும். செக் நாட்டின் மொராவியாவில் இயற்கை வைன் தயாரிப்போர் விரும்பி வரவேற்கும் காட்டு ஈஸ்ட்டுகளைப் பனையேறி இங்கு தடுக்க வேண்டியுள்ளது. தமிழ்நாட்டில் 1987 ஆம் ஆண்டு கள் தடை செய்யப்பட்டதால், சுண்ணாம்பு குறைந்தால் அவருடைய பிழைப்பே சிக்கலாகும். கூடினால் சுவை கெடும்.

அருந்தும் முறை

காலையில் இறக்கியதும், சுண்ணாம்பு அடியில் தங்கும்வரை தெளியவைத்து, வடிகட்டி, பனையோலைப் பட்டையில் நுங்குடன் அருந்துவர். மிஞ்சியதை அன்றே காய்ச்சிக் கருப்பட்டியாக்குவர்.