காய்ச்சல் என்றால் காத்திருக்காதீர்!

ஈரம் பட்ட ரப்பர் ஷீட்டில் வெள்ளையாய்ப் பூசணம் படர்வதைப் பால்மரத் தோட்டங்களில் வாழ்ந்தவர்கள் அறிவார்கள். பழைய ரொட்டியில் பூப்பதும் அந்த இனமே. அதன் கண்ணுக்குத் தெரியாத தூள் நாள்தோறும் நம் மூச்சோடு நெஞ்சுக்குள் போகிறது. ஆனாலும் நமக்கு ஒன்றும் ஆவதில்லை. ஏன்?

நம் இரத்தத்தில் காவற்காரர்கள் இருக்கிறார்கள். நியூட்ரோஃபில் என்னும் வெள்ளை அணுக்களே அவர்கள். இரத்தப் புற்றுநோய்க்குக் கீமோதெரபி மருந்து ஏற்றும்போது, நோய் அணுக்களோடு இவர்களும் மடிகிறார்கள். ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 1,500க்கு மேல் இருக்க வேண்டியவர்கள் 500க்கும் கீழே இறங்கிவிடுவதுண்டு. பெரும்பாலும் மருந்து ஏற்றிய 7 முதல் 14 நாட்களில் இது நேரும். நோயாளி வீடு திரும்பி, "இனிப் பயமில்லை" என்று குடும்பத்தார் ஆறுதலடையும் நாட்களும் அவையாகவே இருக்கலாம்.

அந்நாட்களில் வரும் காய்ச்சலைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. காவற்காரர்கள் இல்லாத உடலில் சீழோ வீக்கமோ தெரியாமற் போகலாம். காய்ச்சல் ஒன்றே அடையாளம். வெப்பமானி ஒரு முறை 38.3 பாகை காட்டினாலும், 38 பாகை ஒரு மணி நேரம் நீடித்தாலும் உடனே புறப்படுங்கள். பனடோல் கொடுத்து, விடியட்டும் என்று இருந்துவிடாதீர்கள். அம்மாத்திரை சூட்டைத் தணித்து ஆபத்தை மறைத்துவிடும்.

ஜாசின், அலோர் காஜா பக்கத்துத் தோட்டங்களிலிருந்து நள்ளிரவில் கார் கிடைப்பது சிரமந்தான். ஆகவே யாருடைய காரில் போவது என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். இல்லையேல் 999ஐ அழையுங்கள். அவசரப் பிரிவில் நுழைந்ததும், "கீமோ போட்டவர், காய்ச்சல் வந்திருக்கிறது" என்பதே உங்கள் முதற் பேச்சாக இருக்கட்டும். ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஏற வேண்டும்.

நான்கைந்து நாட்களாகியும் காய்ச்சல் இறங்காவிட்டால்? ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவைக் கொல்லும். பூசணத்தை ஒன்றும் செய்யாது. குடலில் குடியிருக்கும் கேண்டிடாவும், காற்றில் வந்து நுரையீரலில் தங்கும் ஆஸ்பர்ஜில்லஸும் அப்போது தலைதூக்கலாம். மருத்துவர்கள் நெஞ்சை சி.டி. படம் எடுத்துப் பார்ப்பார்கள். உறுதியான சான்று வரும்வரை பொறுத்தால் காலம் கடந்துவிடலாம் என்பதால், சந்தேகத்தின் பேரிலேயே பூசண மருந்தைத் தொடங்குவதும் உண்டு. "நோய் இன்னதென்று தெரியாமலே மருந்தா?" என்று கோபித்து நோயாளியை வீட்டுக்கு அழைத்துவர எண்ணாதீர்கள். அந்த முந்துதல் உயிரைக் காக்கத்தான்.

இவ்வகை மருந்துகளில் மூத்த ஒன்று ஆம்போடெரிசின் பி. 1950களில், வெனிசுவேலாவின் ஒரினோகோ ஆற்றுப் பகுதி மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து பிறந்தது. அது ஏறும்போது குளிர்நடுக்கம் வரலாம், சிறுநீரகம் பாதிக்கப்படலாம், இரத்தத்தில் பொட்டாசியம் குறையலாம். அடிக்கடி இரத்தம் எடுத்துப் பார்ப்பது இதற்காகத்தான். கொழுப்பில் பொதிந்த பிந்திய வகை சிறுநீரகத்துக்குச் செய்யும் கேடு குறைவு. வோரிகோனசோல், காஸ்போஃபஞ்சின் என்பனவும் இன்று உண்டு. வோரிகோனசோல் வேறு பல மருந்துகளோடு ஒத்துப்போகாது. எனவே மருத்துவரைக் கேட்காமல் வீட்டுக் கஷாயமும் கொடுக்க வேண்டாம்.

பார்க்கப் போகிறவர்கள் பூச்செண்டும் பூந்தொட்டியும் கொண்டுபோக வேண்டாம். வீட்டில் சுவர் இடிக்கும் வேலை, உரமண் கிளறும் வேலை இருந்தால் நோயாளியைத் தள்ளி வையுங்கள். ஒரு வெப்பமானியை வாங்கித் தலைமாட்டில் வைத்து, அதைப் படிக்க வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.