மாஸ்டா ஆர்எக்ஸ்-7 மறுசீரமைப்பு

மாஸ்டா ஆர்எக்ஸ்-7 மறுசீரமைப்பு என்பது யப்பானின் மாஸ்டா நிறுவனம் 1991 முதல் 2002 வரை உற்பத்தி செய்த மூன்றாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7 விளையாட்டுத் தானுந்தைப் பழுதுபார்த்து மாற்றியமைக்கும் பணியைக் குறிக்கும். எஃப்டி3எஸ் என்னும் குறியீட்டால் அறியப்படும் இத்தானுந்து, பிஸ்டன் எனப்படும் உந்துதண்டுகள் இல்லாத சுழல் பொறியால் இயங்குவது. எனவே ஏனைய பழைய தானுந்துகளுக்குப் பொருந்தும் வழிமுறைகள் பல இதற்குப் பொருந்தா. பெரும்பாலான தானுந்துகளில் பழுதுபார்த்தல் ஒரு வேலை, ஆற்றலைக் கூட்டுதல் மற்றொரு வேலை. எஃப்டி3எஸ்-இல் இவ்விரண்டையும் பிரிக்க இயலாது. தொழிற்சாலை அமைப்பிலேயே உள்ள சில குறைகளை மாற்றியமைத்தால்தான் பழுது தீரும். பழுதைத் தீர்க்காமல் ஆற்றலைக் கூட்டினால் பொறியே அழியும்.

பின்னணி

செருமானியப் பொறியாளர் பெலிக்ஸ் வான்கெல் உருவாக்கிய சுழல் பொறிக்கான உரிமத்தை என்எஸ்யு நிறுவனத்திடமிருந்து மாஸ்டா 1961இல் பெற்றது. கெனிச்சி யமமோட்டோ தலைமையிலான குழுவினர் அதனை நடைமுறைக்கு உகந்ததாக்கினர். 1967இல் வெளிவந்த காஸ்மோ ஸ்போர்ட் மாஸ்டாவின் முதல் சுழல் பொறித் தானுந்தாகும். ஆர்எக்ஸ்-7 வரிசை 1978இல் தொடங்கியது. நான்கு சுழலிகள் கொண்ட மாஸ்டா 787பி 1991ஆம் ஆண்டு லெ மான்ஸ் 24 மணிநேரப் பந்தயத்தில் வென்றது. மூன்றாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7 அதே ஆண்டில் அறிமுகமானது. இதன் 13பி-ஆர்இடபிள்யூ பொறியில் தலா 654 கன செ.மீ. கொள்ளளவுள்ள இரண்டு சுழலிகளும் ஒன்றன்பின் ஒன்றாகச் செயற்படும் இரண்டு டர்போக்களும் உள்ளன. தொடக்கத்தில் 255 குதிரைத்திறனாக இருந்த இதன் ஆற்றல், 1999இல் சில வகைகளில் 280 ஆக உயர்ந்தது.

முனையடைப்பான்கள்

முக்கோண வடிவச் சுழலி, நடுவில் சற்று ஒடுங்கிய நீள்வட்டம் போன்ற அறைக்குள் சுழல்கிறது. சுழலி ஒருமுறை சுற்றும்போது அச்சுத்தண்டு மூன்று முறை சுற்றும். சுழலியின் ஒவ்வொரு முனையிலும் 2 மி.மீ. தடிப்புள்ள உலோகப் பட்டை ஒன்று அறைச் சுவரை உரசிச் செல்கிறது. இதுவே முனையடைப்பான். உந்துதண்டின் வளையங்கள் செய்யும் வேலையை இது செய்கிறது. இரு சுழலிகளுக்குமாக ஆறு முனையடைப்பான்கள் உள்ளன. இவற்றுள் ஒன்று உடைந்தாலும் பொறியைப் பிரித்தாக வேண்டும். உடைந்த துண்டு அறைச் சுவரைக் கீறி, வெளியேற்று வழியாகச் சென்று டர்போவின் சக்கரத்தையும் சிதைத்துவிடக்கூடும்.

முனையடைப்பான்களுக்கு உயவு தேவை. அதற்காகச் சிறிய எண்ணெய் அளவீட்டுப் பம்பு ஒன்று பொறி எண்ணெயைச் சிறிது சிறிதாக எரி அறைக்குள் செலுத்துகிறது. ஆகவே நன்னிலையில் உள்ள சுழல் பொறியும் எண்ணெயை எரிக்கும். எண்ணெய் குறைவதைப் பழுது என்று எண்ணி அஞ்சுவதும், குறையாது என்று நம்பி அளவைப் பார்க்காமல் விடுவதும் புதிய உரிமையாளர்களிடம் காணப்படும் இரு தவறுகள். பம்பை முழுமையாக நம்பாத சிலர், இருவீச்சுப் பொறி எண்ணெயை எரிபொருளிலும் சிறிதளவு கலக்கின்றனர்.

அமுக்கச் சோதனை

பழைய எஃப்டி3எஸ் ஒன்றை வாங்குமுன் செய்ய வேண்டிய முதல் வேலை அமுக்கச் சோதனையாகும். சாதாரண அமுக்கமானி ஒரு சுழலியின் மூன்று பக்கங்களில் மிகுதியான அளவை மட்டுமே காட்டும். பழுதான பக்கம் மறைந்துவிடும். மூன்று பக்கங்களையும் தனித்தனியே பதிவு செய்யும் சுழல் பொறிக்கான கருவியே இதற்கு உகந்தது. நிமிடத்திற்கு 250 சுற்றுகளில் அளவிடும்போது ஒவ்வொரு பக்கமும் சதுர செ.மீ.க்கு 6 கிலோகிராமுக்குக் குறையாமல் காட்ட வேண்டும். பக்கங்களுக்கிடையே பெரிய வேறுபாடும் இருத்தலாகாது. குளிர்ந்த பொறி நன்றாக இயங்குவது போலத் தோன்றலாம். சூடான பின் மீண்டும் இயங்க மறுக்கும் பொறியே பெரும்பாலும் தேய்ந்த பொறி. ஆகையால் சோதனையைப் பொறி சூடான நிலையில் செய்கின்றனர்.

வெப்பம்

எஃப்டி3எஸ்-இன் முதன்மையான பகை வெப்பமே. பொறியின் பக்கத் தகடுகள் வார்ப்பிரும்பாலும் சுழலி அறைகள் அலுமினியத்தாலும் ஆனவை. சூடேறும்போது இவ்விரு உலோகங்களும் வெவ்வேறு அளவில் விரிகின்றன. இவற்றுக்கிடையே குளிர்நீரைத் தடுத்து நிற்கும் இரப்பர் வளையங்கள் ஒரே ஒருமுறை ஏற்படும் மிகை வெப்பத்திலும் கெட்டுவிடலாம். காரணமின்றிக் குளிர்நீர் குறைதலும் இயக்கும்போது வெண்புகை வருதலும் இதன் அறிகுறிகள். தொழிற்சாலை வெப்பமானியும் உதவுவதில்லை. அதன் முள் பரந்த வெப்பநிலை எல்லையில் நடுவிலேயே நிற்கும். அது மேலேறத் தொடங்கும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். எனவே துல்லியமான தனி வெப்பமானியைப் பொருத்துவது, இத்தானுந்தில் செய்யத்தக்க மிக மலிவான, மிகப் பயனுள்ள மாற்றம் எனலாம்.

நெகிழியால் ஆன காற்றுப் பிரிப்புத் தொட்டி உள்ள வண்டிகளில், அது காலப்போக்கில் வெடித்துக் குளிர்நீரை இழக்கச் செய்யும். அதற்குப் பதிலாக அலுமினியத் தொட்டியைப் பொருத்துவது வழக்கம். பழைய ரேடியேட்டரை மாற்றுவதும் இத்துடன் சேர்ந்த வேலையே.

டர்போக்களுக்குக் கீழே உள்ள முன் வினையூக்கி மாற்றி, பொறி அறையின் வெப்பத்திற்கு மற்றொரு காரணம். பலர் அதனை நீக்கி வெறுங்குழாயைப் பொருத்துகின்றனர். வெப்பம் குறைவது உண்மைதான். ஆனால் வெளியேற்றுத் தடை குறைவதால் டர்போ அமுக்கம் கட்டுப்பாட்டை மீறி ஏறத் தொடங்கும். தொழிற்சாலைக் கழிவு வாயில் சிறியதாகையால் அதனால் இதைத் தடுக்க முடிவதில்லை. பழுது நீக்கமாகத் தொடங்கிய வேலை, அமுக்கக் கட்டுப்பாட்டையும் எரிபொருள் அளவையும் மாற்றும் வேலையாக நீள்வது இவ்வாறுதான். பல நாடுகளில் மாசுக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் இம்மாற்றத்தை அனுமதிப்பதில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது.

வெற்றிடக் குழாய்கள்

முதல் டர்போ குறைந்த வேகத்தில் காற்றை அழுத்துகிறது. நிமிடத்திற்கு ஏறத்தாழ 4,500 சுற்றுகளில் இரண்டாவது டர்போ சேர்ந்துகொள்கிறது. அமுக்கம் முதலில் சதுர அங்குலத்திற்கு 10 பவுண்டாக இருந்து, மாற்றத்தின்போது 8 ஆகக் குறைந்து, மீண்டும் 10 ஆக உயர வேண்டும். இந்த ஒழுங்கை நடத்துபவை மின்காந்தத் தடுக்கிதழ்களும் அவற்றை இணைக்கும் மெல்லிய இரப்பர்க் குழாய்களும் ஆகும். இக்குழாய்ச் சிக்கலை எலிக்கூடு என்று கேலியாக அழைப்பதுண்டு. பொறி வெப்பத்தில் ஆண்டுக்கணக்கில் வெந்த குழாய்கள் தொட்டாலே உடைந்துவிடும். ஒரு குழாயில் கசிவு ஏற்பட்டாலும் இரண்டாவது டர்போ வேலை செய்யாமற் போகலாம். எந்தக் குழாய் என்று தேடுவதைவிட, உள்ளெடுப்புக் குழாய்த்தொகுதியைக் கழற்றி அனைத்தையும் சிலிக்கோன் குழாய்களாக மாற்றிவிடுவதே அறிவுடைமை. சிலர் இவ்வமைப்பையே நீக்கிப் பெரிய ஒற்றை டர்போவைப் பொருத்துகின்றனர். அமைப்பு எளிமையாகிறது, ஆனால் குறைந்த வேகத்தில் உடனடியாகக் கிடைத்த உந்தம் போய்விடுகிறது.

பொறியைப் பிரித்துச் சீரமைத்தல்

தகடுகளும் அறைகளும் அடுக்கப்பட்டு 18 நீண்ட திருகாணிகளால் இறுக்கப்பட்டதே இப்பொறி. வால்வுகளோ நெம்புருள் தண்டோ இல்லாததால் பாகங்கள் மிகக் குறைவு. எனினும் இதில் ஒரு கடினம் உண்டு. தேய்ந்த சாதாரணப் பொறியின் உருளையைக் கடைந்து பெரிதாக்கிப் பெரிய உந்துதண்டை இடலாம். சுழலி அறையின் உட்சுவர் குரோமியப் பூச்சு கொண்டது. அதன் வளைவுருவமும் மாறலாகாது. பூச்சு உதிர்ந்துவிட்டால் அந்த அறையை மாற்றுவதே பொதுவான வழி. புதிய அறைகள் விலை மிகுந்தவை. அடைப்பான்களை மட்டும் மாற்றிப் பழைய அறையிலேயே பூட்டிய பொறிகள் குறுகிய காலத்தில் மீண்டும் பழுதாவதற்கு இதுவே காரணம். பிரித்த வேளையில் சிலர் வாயு நுழையும் துளைகளைச் சற்றே அகலப்படுத்துவர். தெருவில் ஓட்டும் வண்டிக்கு அந்த அளவே போதுமானது. பந்தயப் பொறிகளைப் போல அறையின் வெளிச்சுவரில் துளையிட்டால் பொறி குறைந்த வேகத்தில் சீராக ஓடாது.

ஆற்றலைக் கூட்டுதல்

நாக்கிங் எனப்படும் முறையற்ற எரிதல் முனையடைப்பான்களை நொறுக்கவல்லது. உந்துதண்டுப் பொறி சில வினாடிகள் தாங்கும் நாக்கிங்கைச் சுழல் பொறி தாங்குவதில்லை. எரிபொருள் போதாத ஒரு கணமே சீரமைப்புச் செலவு முழுவதையும் வீணாக்கப் போதுமானது. எனவே இங்கு வரிசை முக்கியம்: முதலில் குளிர்விப்பு, பிறகு எரிபொருள் பம்பும் உட்செலுத்திகளும், பிறகு மின்னணுக் கட்டுப்பாட்டகம், இறுதியாகவே டர்போ அமுக்கம். தொழிற்சாலை உட்செலுத்திகள் நிமிடத்திற்கு 550, 850 கன செ.மீ. அளவில் இரண்டிரண்டாக உள்ளன. இவற்றின் எல்லையைத் தாண்டி அமுக்கத்தை ஏற்றுவோர் பொறியை இழக்கின்றனர். டர்போக்களிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிர்விக்கும் இடைக்குளிர்விப்பானைப் பெரிதாக்குவதும் பயனுள்ளதே.

இத்தனை இடர்களையும் விரும்பாதோர் சுழல் பொறியைக் கழற்றிவிட்டு, ஜெனரல் மோட்டார்சின் அலுமினிய எட்டு உருளைப் பொறியை இடுவதும் உண்டு. வண்டி நம்பகமாக ஓடும். சுழல் பொறியே இத்தானுந்தின் அடையாளம் எனக் கருதுவோர் இதனை ஏற்பதில்லை. ஆர்எக்ஸ்-7 முழுவதும் அந்தச் சிறிய, தாழ்வாக அமர்ந்த பொறியைச் சுற்றி வரையப்பட்டது என்பதால் அவர்களது கருத்தை எளிதில் தள்ளிவிட இயலாது.

உதிரிப்பாகங்கள்

25 ஆண்டுகள் கடந்த தானுந்துகளுக்கு அமெரிக்க இறக்குமதி விதியில் விலக்கு உண்டு. இதனால் யப்பானில் மட்டும் விற்கப்பட்ட வகைகளும் 2010களின் பிற்பகுதி முதல் அங்கு செல்லத் தொடங்கின; விலையும் ஏறியது. 2020இன் இறுதியில் மாஸ்டா நிறுவனம் இரண்டாம், மூன்றாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7களுக்கான நிறுத்தப்பட்ட பாகங்கள் சிலவற்றை மீண்டும் உற்பத்தி செய்வதாக அறிவித்தது. எனினும் உள்ளறையின் நெகிழிப் பாகங்கள் நன்னிலையில் கிடைப்பது அரிது. அவை எளிதில் நொறுங்குவதால், பொறி வேலைக்காகக் கழற்றும் பாகங்களைப் பத்திரப்படுத்துவதும் சீரமைப்பின் ஒரு பகுதியே.