கரையிறங்காத லீ அம்மா

கணவரை இழந்த முதியவள் மகள் வீட்டிலோ முதியோர் இல்லத்திலோதான் மிச்ச நாளைக் கழிக்க வேண்டுமா? ஃபுளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேல் நகரைச் சேர்ந்த லீ வாக்ட்ஸ்டெட்டர் மூன்றாவதாக ஒரு வழி கண்டார். அவருக்கும் கணவர் மேசனுக்கும் கப்பல் பயணம் என்றால் உயிர். 1997இல் புற்றுநோய் மேசனைக் கொண்டுபோனது. கப்பலில் போவதை மட்டும் நிறுத்திவிடாதே என்பதுதான் சாவதற்கு முன் அவர் மனைவியிடம் கேட்டுக்கொண்டது. ஐந்து படுக்கையறை வீட்டை விற்றுவிட்டு, லீ கப்பலிலேயே குடியேறினார்.

முதலில் ஒரு கப்பலில் மூன்று ஆண்டுகள். நடனத் துணைவர்களை அமர்த்தும் வழக்கத்தை அங்கே நிறுத்தியதும், கிரிஸ்டல் செரினிட்டி என்ற கப்பலுக்கு மாறிவிட்டார். ஆண்டுச் செலவு ஏறத்தாழ 1,64,000 டாலர். மாலையானால் நடனம், மற்ற நேரத்தில் ஊசித் தையல். தைத்ததையெல்லாம் ஊழியர்களுக்குக் கொடுத்துவிடுவார். அவர்களும் அம்மா என்றே அழைத்தார்கள். துறைமுகம் வந்தால் பயணிகள் ஊர் பார்க்க ஓடுவார்கள், லீ பெரும்பாலும் இறங்கமாட்டார். உலகம் சுற்றுவதில் அல்ல, தன்னைப் பெயர் சொல்லி விசாரிக்கும் மனிதர்களிடம்தான் அவர் மகிழ்ச்சி இருந்தது என்றே நான் நினைக்கிறேன்.

ஆனால் அது கப்பல் உள்ளவரைதான். கணவர் இறந்தபின் கியூஈ2 கப்பலிலேயே வாழ்ந்த பியாட்ரிஸ் முல்லருக்கு, 2008இல் அது ஓய்வுபெற்றபோது இறங்க நேர்ந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கப்பலில் வாழும் மாரியோ சால்சிடோவைப் பற்றி 2018இல் ‘உலகத்திலேயே மகிழ்ச்சியான மனிதர்’ என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு குறும்படம் வந்தது. மேல்தளத்தில் உட்கார்ந்தே முதலீட்டு வேலை பார்ப்பவர். தரையில் கால் வைத்தால் நேராக நடக்க வராதாம். படம் பார்த்தால் அவருடைய தனிமையும் தெரிகிறது.

லீயின் தையலை வாங்கிக்கொண்டவர்களையும் நினைக்க வேண்டும். பிலிப்பைன்ஸ், இந்தியா, இந்தோனேசியாவிலிருந்து மாதக்கணக்கான ஒப்பந்தத்தில், பிள்ளைகளை ஊரில் விட்டு வந்தவர்கள். 2020 மார்ச்சில் கொரோனாவால் சொகுசுக் கப்பல்கள் நின்றன. பயணிகளில் பெரும்பாலோர் சில வாரங்களில் வீடு திரும்பினார்கள். ஆயிரக்கணக்கான ஊழியர்களோ பல மாதம் கரையேற முடியாமல் அந்தக் கப்பல்களிலேயே கிடந்தார்கள்.