சன்னலுக்கு வந்த கள்ளி

ஊரில் வேலியோரத்தே விட்டு வந்த கள்ளி, மும்பையில் விலை கொடுத்து வாங்கும் அலங்காரச் செடியாகிவிட்டது. செடிக் கடைகளில் சேவற்கொண்டை போலச் சுருண்டும் விசிறி போல விரிந்தும் நிற்கும் செடியைச் சீத்தா கேம்பு அன்பர்கள் பலர் கண்டிருப்பர். மராத்தியர் நிவடுங் என்று எல்லாக் கள்ளிக்கும் ஒரே பெயர் சொல்வர். இதுவோ சப்பாத்தியின் இனமன்று, பாற்கள்ளி இனம். தாவர நூலார் இட்ட பெயர் யூபோர்பியா லாக்டியா.

கள்ளியின் குருத்து ஒரு புள்ளியினின்றே மேல்நோக்கி வளர்வது இயல்பு. அரிதாக ஒரு செடியில் அப்புள்ளி கோடாக நீண்டுவிடின், தண்டு பக்கவாட்டில் விரிந்து, இடம் போதாமல் மடிந்து மடிந்து கொண்டையாகின்றது. அக்கொண்டையை வெட்டி வேறொரு கள்ளித் தண்டின்மீது ஒட்டுக் கட்டி விற்கின்றனர். அடித்தண்டு பெரும்பாலும் நம்மூர் இலைக்கள்ளியே! மேலுள்ளதை வியக்கும் நாம், தாங்கி நிற்பதை அடையாளம் காண்பதில்லை.

1976 மே திங்களில் ஜனதா காலனியினின்று பெயர்க்கப்பெற்றுச் சதுப்பு நிலத்தில் குடியேறிய நம்மவர்க்கு, மண்ணில் நட்டு வளர்க்க இடமேது? பத்து நாள் நீரின்றியும் வாடாத இச்செடி நம் வீடுகளுக்குப் பொருத்தமானதே.

ஆயினும், “கள்ளியை வீட்டுக்குள் சேர்க்காதே” என்று பாட்டிமார் தடுப்பதும், இளையோர் நகைப்பதும் உண்டு. நாம் பாட்டியின் பக்கமே நிற்கின்றோம். இதன் பால் தோலில் பட்டால் எரிந்து கொப்புளிக்கும். கண்ணில் பட்டாலோ, சில மணி நேரத்தில் வலியும் வீக்கமும் மிகுந்து பார்வை மங்கும். கவனியாது விடின் நிலையான கேடும் நேரலாம். ஒற்றையறையில் பிள்ளைகள் விளையாடும் வீட்டில் இது சிறு செய்தியன்று. பால் பட்டவுடன் கண்ணைத் திறந்து, தூய நீரால் கால்மணி நேரமேனும் கழுவிக் கண் மருத்துவரிடம் விரைதல் வேண்டும். இன்ன செடியின் பால் என்றும் சொல்லுக. தாய்ப்பால், விளக்கெண்ணெய் முதலிய கைவைத்தியம் அறவே வேண்டா.

வளர்க்க விரும்புவோர் மாடியேணிப் படியைத் தவிர்த்து, பிள்ளைகள் கைக்கு எட்டாத சன்னல் மேற்பலகையில், காலை வெயில் படுமாறு வைக்க. மண்ணில் பாதிக்கு மணலும் செங்கற் சல்லியும் கலத்தல் நன்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை படாமற் காத்து, நீரை மிகக் குறைக்க; வேர் நனைந்தே இருப்பின் அழுகும். ஒட்டுக்குக் கீழே இலைக்கள்ளி துளிர்த்தால் உடனே நீக்குக. விட்டால் அது ஓங்கி, கொண்டை வாடும். வெட்டுமுன் கையுறை அணிந்து, பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, பின்னர்க் கத்தியையும் கையையும் சோப்பிட்டுக் கழுவுக.