சாப்பாட்டு வேளையே பாட வேளை!

உங்கள் வீட்டில் நாய் வளர்க்கிறீர்களா? அப்படியானால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக் கொள்ளக் கூடாது. எல்லோரும் சாப்பிட உட்காரும்போது அது யார் பக்கத்தில் போய் நிற்கிறது? அவர்தான் மற்றவர்கள் கண்ணில் படாமல் அதற்குத் தோசைத் துண்டு போடுகிறவர்!

நாயின் பேரில் குற்றமில்லை. ஒன்பது நாள் விரட்டிவிட்டுப் பத்தாம் நாள் மனமிரங்கி ஒரு துண்டு போட்டால், பதினோராம் நாளும் அது நம்பிக்கையோடு வந்து நிற்கும். எப்போதாவது பலிக்கிற கெஞ்சல்தான் லேசில் மறக்காது. வீட்டார் அத்தனை பேரும் ஒரே முடிவாக இருந்தாலொழிய இதற்கு விமோசனம் இல்லை.

கெட்ட பழக்கத்தோடு போனாலும் பரவாயில்லை, ஆபத்தும் இருக்கிறது. சாம்பாரிலுள்ள வெங்காயம் நாயின் ரத்தத்தைக் கெடுக்கும். பாயசத்துத் திராட்சை சிறுநீரகத்தையே பாதிக்கக் கூடும். சாக்லெட்டும் விஷம். வெந்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும்.

குட்டிக்கு மூன்று, நான்கு வேளை. வளர்ந்த நாய்க்குக் காலை, மாலை இரண்டு வேளை போதும். தட்டு நிறையப் போட்டு நாள் முழுவதும் வைத்திருப்பது நமக்குச் சௌகரியம்தான். ஆனால் வயிறு நிரம்பிய மாணாக்கனுக்குப் பாடம் ஏறுமா? கால் மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்து விடுங்கள்.

பாடம் சுலபமானது. எலும்பு நீக்கிய கோழித் துண்டு ஒன்றை அதன் மூக்குக்கு மேலே காட்டி, மெல்லப் பின்பக்கமாகக் கொண்டு போங்கள். தலை நிமிரும், உடல் தானே தரையில் அமரும். அமர்ந்த அந்தக் கணமே கொடுத்துவிட வேண்டும். தாமதித்தால் எதற்காகக் கிடைத்தது என்று அதற்குப் புரியாது. நாலைந்து நாளில் 'உட்கார்' என்ற சொல்லையும் சேர்த்துக் கொள்ளலாம். அப்புறம் சாப்பாட்டுத் தட்டு. பாய்ந்தால் தட்டு மேலே போகும். உட்கார்ந்தால் கீழே வரும். அதட்டல் தேவையே இல்லை. துண்டுகளை அன்றைய சாப்பாட்டிலிருந்தே எடுங்கள், இல்லாவிட்டால் நாய் பீப்பாயாகி விடும்!

சாப்பிடும் நாயின் தட்டைப் பிடுங்கி, 'யார் எஜமான்' என்று காட்டச் சொல்லும் யோசனைக்காரர்கள் உண்டு. தயவு செய்து கேட்காதீர்கள். பிடுங்கப் பிடுங்கத்தான் அது உறுமக் கற்றுக் கொள்கிறது. உறுமியதற்கு அடித்தாலோ, அடுத்த முறை உறுமாமலே கடித்துவிடும். அதற்குப் பதில், உறுமாத நாயாக இருக்கும்போதே, அது சாப்பிடுகையில் அந்தப் பக்கமாகப் போய் ஒரு நல்ல துண்டைத் தட்டில் போட்டுவிட்டு வந்துவிடுங்கள். மனிதக் கை வருவது கொடுக்கத்தான் என்று அது தெரிந்து கொள்ளும். ஏற்கெனவே உறுமுகிற நாயானால் பரீட்சையே வேண்டாம். தனி இடத்தில் சாப்பாடு வைத்து, மிருக வைத்தியரைக் கேளுங்கள். அதுவரை குழந்தைகளை அந்தத் தட்டின் அருகே விடவே விடாதீர்கள்.