மண்ணுக்குக் கீழே செம்பு இருந்தால் போதுமா?

கிராண்ட்பாஸில் வாழும் எங்களுக்குச் செம்பு அந்நியமான பொருள் அல்ல. பழைய இரும்புக் கடைகளில் செம்புக் கம்பிக்கு எப்போதும் தனி மதிப்பு உண்டு. மின்கம்பியின் உறையை உரித்து, உள்ளே இருக்கும் சிவந்த இழையைப் பிரித்துக் கொண்டுவந்தால் இரும்பைவிடப் பல மடங்கு விலை கிடைக்கும். சற்றுத் தள்ளிப் பஞ்சிகாவத்தைப் பக்கம் போனால், வாகனங்களின் புகைக்குழாயில் பொருத்தப்படும் 'கன்வேர்ட்டர்' பழுதாகிப்போனாலும் அதற்குக் கேள்வி இருக்கிறது. அதற்குள் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் ஆகிய அரிய உலோகங்கள் சில கிராம் அளவில் பூசப்பட்டிருப்பதே காரணம். எங்கள் சமையலறையில் துருப்பிடிக்காமல் பளபளக்கும் பாத்திரங்களிலும், மின்சாரக் கார்களின் மின்கலங்கள் பலவற்றிலும் நிக்கல் கலந்திருக்கிறது.

இந்த உலோகங்கள் முதலில் எங்கிருந்து வந்தன? எங்கள் நாட்டு மண்ணில் அவை உண்டா? இந்தக் கேள்விகளை எனக்குள் விதைத்தவர் மூதூரில் இருக்கும் என் மாமா. மூதூர் என் உம்மாவின் ஊர். விடுமுறையில் அங்கு போயிருந்தபோது மாமா கேட்டார்:

"மகள், நீ விஞ்ஞானம்தானே படிக்கிறாய். சேருவிலப் பக்கம் மண்ணுக்குக் கீழ செம்பு கிடக்காம். நம்மட வயலுக்குக் கீழயும் கிடந்தா அது ஆருக்குச் சொந்தம்? அதத் தோண்டினா நமக்கு நல்லமா, கூடாதா?"

அப்போது என்னிடம் விடை இருக்கவில்லை. பின்னர் நூலகத்தில் வாசித்தும் ஆசிரியைகளிடம் கேட்டும் அறிந்துகொண்டவற்றைத் தோழிகளான உங்களோடும் பெற்றோரோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

சேருவிலயும் உஸ்ஸங்கொடையும்

திருகோணமலை மாவட்டத்தில், மூதூருக்குத் தெற்கே உள்ளது சேருவில. அங்கே செம்பும் காந்த இரும்புக் கல்லும் கலந்த படிவு ஒன்றை 1971 ஆம் ஆண்டு அன்றைய புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களம் கண்டறிந்தது. செம்பு அங்கே தனி உலோகமாகக் கிடைப்பதில்லை. செம்பு, இரும்பு, கந்தகம் மூன்றும் இணைந்த பித்தளை நிறக் கனியமாகப் பாறைக்குள் சிதறிக் கிடக்கிறது. அதன் பெயர் கல்கோபைரைற்று.

ஏன் சேருவிலயில்? இலங்கையின் அடிப்பாறைகளைப் புவிச்சரிதவியலாளர் சில தொகுதிகளாகப் பிரிக்கின்றனர். நடுவே உயர்நிலத் தொகுதி, கிழக்கே விஜயன் தொகுதி. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்டுவானா என்னும் பெருங்கண்டம் உருவானபோது இவ்விரண்டும் மோதி ஒட்டிக்கொண்டன. அந்த ஒட்டுத் தையல் வடகிழக்கே திருகோணமலைப் பக்கத்திலிருந்து தெற்கே அம்பாந்தோட்டைக் கரையோரம் வரை வளைந்து செல்கிறது. சேருவில அந்தத் தையலை அண்டியே இருக்கிறது. எங்கள் வெந்நீரூற்றுகள் பலவும் அந்தத் தையலை ஒட்டியே அமைந்துள்ளன.

அதே தையலின் தெற்கு முனையில், அம்பலாந்தோட்டைக்கு அப்பால் கடலோரத்தில் உஸ்ஸங்கொட இருக்கிறது. மரங்கள் வளராத சிவந்த வெளி அது. இராவணனின் வானூர்தி இறங்கிய இடம் என்றும், விண்கல் விழுந்து எரிந்த இடம் என்றும் மக்கள் கதை சொல்வர். உண்மைக் காரணம் அடியில் உள்ள பாறைதான். அது பூமியின் ஆழத்துப் பாறை நீருடன் சேர்ந்து மாறியதால் உருவான பச்சை நிறச் சேர்பண்டினைற்று. அது உக்கி மண்ணாகும்போது இரும்பால் சிவக்கிறது. நிக்கலும் அதில் மிகுந்திருக்கும். அதனால்தான் பெரும்பாலான செடிகள் அங்கே தழைப்பதில்லை. ஆனால் ஓரிதழ்தாமரை போன்ற சில சிறு செடிகள் அந்த நிக்கலை உறிஞ்சித் தம் இலைகளில் சேர்த்துக்கொள்கின்றன. உலர்ந்த இலை ஒரு கிலோவில் ஒரு கிராமுக்கு மேல் நிக்கல் இருந்தால் அத்தகைய செடியை விஞ்ஞானிகள் தனி வகையில் சேர்க்கிறார்கள். செடியைப் பார்த்தே மண்ணுக்குள் இருப்பதை ஊகிக்கலாம் என்பது எனக்குப் பெரும் வியப்பாக இருந்தது. 2010 ஆம் ஆண்டு உஸ்ஸங்கொட தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது.

கறியும் எண்ணெயும்

சாதாரண பாறையிலும் செம்பு இருக்கிறது. ஆனால் பத்து இலட்சம் பங்குப் பாறையில் ஏறக்குறைய 50 முதல் 70 பங்குதான். அதைத் தோண்டி எடுத்தால் செலவுக்குக் கட்டாது. நூற்றுக்கு ஒரு பங்கு அளவுக்குச் செம்பு சேர்ந்திருந்தால் அதைத் தாது என்று பேசத் தொடங்கலாம். அதாவது இயற்கை ஏதோ ஒரு வழியில் அதை நூறு, இருநூறு மடங்கு திரட்டித் தந்திருக்க வேண்டும்.

செம்பு, நிக்கல், பிளாட்டினம் ஆகியவை ஒன்றாகத் திரளும் விதத்தை எங்கள் அடுப்பங்கரையிலேயே பார்க்கலாம். இறைச்சிக் கறி கொதித்து அடங்கியதும் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும். மிளகாயின் சிவப்பு நிறம் தண்ணீரில் நிற்காமல் அந்த எண்ணெயோடு போய்ச் சேரும். பூமியின் ஆழத்திலிருந்து வரும் உருகிய பாறைக் குழம்பிலும் இதே போல் நடக்கிறது. அதில் கந்தகம் மிகும்போது உருகிய கந்தகத் துளிகள் தனியே பிரிகின்றன. கறியின் நிறம் எண்ணெயைத் தேடிப் போவது போல, நிக்கலும் செம்பும் பிளாட்டினமும் அந்தத் துளிகளைத் தேடிப் போகின்றன. ஒரே ஒரு வேறுபாடு, கறி எண்ணெய் மேலே மிதக்கும். கந்தகத் துளிகள் பாரமானவை என்பதால் அடியில் போய்த் தங்கும். கனடாவின் சட்பரி, சைபீரியாவின் நோரில்ஸ்க் ஆகிய பெரும் படிவுகள் இவ்வாறு திரண்டவையே.

சேருவிலப் படிவு இந்த வகையைச் சேர்ந்தது அல்ல. அது மிகுந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய பாறைகளுக்குள் செம்பும் இரும்பும் சேர்ந்த படிவு. ஆனால் தேடும் முறையில் பெரிய வேறுபாடு இல்லை.

தேடும் படிகள்

முதற்படி நடை. வரைபடத்தோடு காட்டிலும் வயலிலும் ஓடைக்கரையிலும் நடந்து, வெளியே தெரியும் பாறைகளைப் பார்ப்பார்கள். துருப்பிடித்த செம்மண் தொப்பியும் பாறை மீது படர்ந்த பச்சைக் கறையும் செம்பின் அடையாளங்கள். பழைய செப்புப் பாத்திரத்தில் படியும் களிம்பும் ஏறக்குறைய அதே பச்சைதான்.

இரண்டாம் படி மண். ஓடைகளின் அடிமணலையும் வயல் மண்ணையும் சிறு பைகளில் எடுத்து, எடுத்த இடத்தைக் குறித்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார்கள். மழைநீர் மலையிலிருந்து கழுவிக் கொண்டுவந்த துகள்கள் மேலே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடும்.

மூன்றாம் படி, தோண்டாமலே உள்ளே பார்ப்பது. காந்த இரும்புக் கல் பூமியின் காந்தப் புலத்தைச் சற்றே குழப்பும். அந்தக் குழப்பத்தைக் கருவியால் அளக்கலாம். கந்தகக் கனியங்கள் மின்சாரத்தை எளிதில் கடத்தும். அதையும் நிலத்தின் மேலிருந்தே அளக்கலாம். வைத்தியர் ஸ்கேன் எடுப்பதைப் போன்றது இது.

நான்காம் படி துளையிடல். வைரத் துகள் பதித்த குழாயைச் சுழற்றி இறக்கி, பாறையை நீண்ட உருளைகளாக வெளியே எடுப்பார்கள். அவற்றை வரிசையாகப் பெட்டிகளில் அடுக்கி, எந்த ஆழத்தில் எவ்வளவு செம்பு என்று பகுப்பாய்வு செய்வார்கள். இந்தப் படிதான் பெரும் செலவு. ஒரு துளை நல்ல செய்தி சொன்னாலும் அடுத்த துளை வெறும் கல்லாக இருக்கலாம். உலகில் தேடப்பட்ட இடங்களுள் மிகச் சிலவே கடைசியில் சுரங்கமாகின்றன.

வடதுருவத்துக்கு அருகே ஒரு பாடம்

பின்லாந்தின் வடக்கே லாப்லாந்து பிரதேசத்தில், சொதன்கிலா என்னும் ஊர்ப்பகுதியில், 2009 ஆம் ஆண்டு ஆங்கிலோ அமெரிக்கன் நிறுவனம் செம்பும் நிக்கலும் பிளாட்டினமும் நிறைந்த படிவு ஒன்றைக் கண்டது. அதன் பெயர் சகாத்தி. உலோகத்தின் அளவைப் பார்த்தால் எவரும் மகிழ்வார்கள். ஆனால் அந்தப் படிவு சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட பெரும் சதுப்பு நிலத்தின் அடியில் இருக்கிறது. அரிய பறவைகளும் தாவரங்களும் வாழும் இடம் அது. கலைமான் வளர்ப்போர் வாழும் பிரதேசம். சதுப்பு உறைந்திருக்கும் குளிர்காலத்தில்தான் துளையிடும் இயந்திரங்கள் அங்கே போக முடிந்தது. பின்னர் சதுப்புக்கு வெளியிலிருந்து நிலத்தடிச் சுரங்கப் பாதை அமைத்துத் தாதை எடுக்கலாம் என்று திட்டம் வகுத்தார்கள். ஆய்வுகளும் அனுமதிகளுக்கான நடைமுறைகளும் ஆண்டுக் கணக்கில் நீண்டன.

பணமும் தொழில்நுட்பமும் உள்ள நாட்டிலேயே, கண்டதற்கும் எடுப்பதற்கும் இடையில் இத்தனை கேள்விகள் எழுகின்றன. கனியத்தைக் காண்பது வேறு, அதை எடுக்கத் தீர்மானிப்பது வேறு.

மாமாவின் முதற் கேள்வி: ஆருக்குச் சொந்தம்?

1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டத்தின்படி, நிலம் யாருடையதாக இருந்தாலும் அதன் கீழுள்ள கனியங்கள் அரசுக்கே சொந்தம். அவற்றைத் தேடுவதற்கும் எடுப்பதற்கும் புவிச்சரிதவியல் ஆய்வு மற்றும் சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். தேடுவதற்கு ஒன்று, தோண்டுவதற்கு வேறொன்று. யாராவது மண் மாதிரி எடுக்க வந்தால் சுரங்கம் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. அவரிடம் எந்த அனுமதி இருக்கிறது என்று கேட்பதில் தவறும் இல்லை.

இரண்டாம் கேள்வி: நல்லமா, கூடாதா?

இதற்கு ஒரு சொல்லில் விடை இல்லை. நன்மை தெளிவு: உள்ளூரில் வேலை, அரசுக்கு வருமானம், வெளிநாட்டிலிருந்து வாங்கும் உலோகம் குறைதல். ஆனால் அதே திருகோணமலை மாவட்டத்தின் புல்மோட்டையைப் பாருங்கள். இல்மனைற்று நிறைந்த அதன் கடற்கரை மணல் பல தசாப்தங்களாகப் பெரும்பாலும் மூலப்பொருளாகவே கப்பலேறுகிறது. மணலை விற்கும் நாட்டுக்குக் கிடைப்பது ஒரு விலை. அதிலிருந்து வர்ணப்பூச்சுத் தூள் செய்யும் நாட்டுக்குக் கிடைப்பது வேறு விலை.

பாதிப்பும் தெளிவு. கந்தகம் கலந்த தாதை வெளியே எடுத்துக் குவித்தால், காற்றும் மழைநீரும் பட்டு அதிலிருந்து கந்தக அமிலம் ஊறும். அது ஓடையில் கலந்தால் உலோகங்களையும் கரைத்துக்கொண்டு போகும். சேருவிலயைச் சுற்றி அல்லைக் குளத்து நீர் பாயும் வயல்களும், வனவிலங்குச் சரணாலயமும், பௌத்தர்கள் போற்றும் பழைய விகாரையும் இருக்கின்றன. வடக்கே கொட்டியாரக்குடாவில் மூதூர் மீனவர் வலை வீசுகிறார்கள். முறையாகக் கட்டிய கழிவுத் தேக்கம், ஓடைநீரின் தொடர் பரிசோதனை, சுரங்கம் மூடிய பின்னும் பராமரிக்க ஒதுக்கிய பணம் ஆகியவை இருந்தால் இந்த ஆபத்தைக் கட்டுப்படுத்தலாம். இல்லாவிட்டால் உழவரும் மீனவரும் ஒன்றாக இழப்பார்கள்.

இன்னொன்றையும் நான் மறக்க முடியாது. 2006 ஆகஸ்டில் யுத்தத்தின் நடுவே மூதூர் மக்கள் பல்லாயிரக்கணக்கில் கந்தளாய்ப் பக்கம் இடம்பெயர்ந்தார்கள். என் உம்மம்மாவும் அவர்களில் ஒருவர். ஒருமுறை வீட்டை விட்டு ஓடியவர்களுக்குக் 'காணி' என்ற சொல்லின் பாரம் வேறு. அவர்களிடம் போய், "கீழே செம்பு இருக்கிறது" என்று மட்டும் சொன்னால் போதாது. எவ்வளவு, எந்த ஆழத்தில், கழிவு எங்கே, குடிநீர் எங்கிருந்து, வேலை யாருக்கு என்ற ஐந்துக்கும் அவர்கள் மொழியிலேயே விடை சொல்ல வேண்டும். 1971 இல் கண்டறிந்த படிவு, ஐம்பது ஆண்டுகள் கடந்தும் செம்புச் சுரங்கமாகவில்லை. அதை வெறும் தாமதமாக நான் நினைக்கவில்லை. இந்தக் கேள்விகளுக்கு விடை தேடிக்கொள்ள எங்களுக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது.

யார் விடை சொல்வது?

இந்த நாட்டில் கனியத் தேடலை 1903 இல் முறையாகத் தொடக்கிய கனிய அளவையின் முதற் பணிப்பாளர், கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. கலை வரலாற்று அறிஞராகவே நாம் அறிந்த அவர் முதலில் பாறைகளைப் படித்தவர். தோரியனைற்று என்னும் கனியத்தை 1904 இல் முதலில் விவரித்தவரும் அவரே.

இன்று பேராதனைப் பல்கலைக்கழகத்தில் புவிச்சரிதவியல் துறையும், மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் புவி வளங்கள் பொறியியல் துறையும் இருக்கின்றன. பெண்பிள்ளை காடு மேடு அலைவதா என்று சில பெற்றோர் தயங்கலாம். நடை இந்த வேலையின் ஒரு பகுதிதான். மண் மாதிரியைப் பகுப்பதும், அளவைகளைக் கணினியில் வரைபடமாக்குவதும், ஓடைநீரைப் பரிசோதிப்பதும் இந்தத் துறையே. கிழக்கு மண்ணில் நாளை ஓர் ஆய்வறிக்கை வெளிவரும்போது, அதை வாசித்து, பிழை இருந்தால் சுட்டிக்காட்டி, ஊர் மக்களுக்குத் தமிழில் விளக்கும் ஒருவர் அந்த ஊரின் பிள்ளையாகவே இருந்தால் எவ்வளவு நல்லது!

அறிவியல் பிரிவில் படிக்கும் தோழிகள் பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்பும் நாளில், மருத்துவம், பொறியியல் என்ற வழக்கமான வரிசைக்குக் கீழேயும் ஒருமுறை கண்ணை ஓட்டுங்கள். மண்ணைப் படிக்கவும் அங்கே இடம் இருக்கிறது.